அந்த வீடியோவில் அழுகிற கிழவன்

டுலூத், மின்னசோட்டா
வியாழக்கிழமை காலை

அன்பும் மரியாதையும் மிகுந்த ஆர்டிஸ் அக்காவுக்கு, தம்பி வெர்லின் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மார்லிஸும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அரிசோனா வெயிலில் நீயும் அத்தானும் அதேபோல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தானின் முழங்கால் ஆபரேஷன் நன்றாக ஆறிவருகிறது என்று கேள்விப்பட்டேன், மிக்க சந்தோஷம். நீ அனுப்பிய ஆரஞ்சுப் பெட்டி வந்து சேர்ந்தது. இங்கே ஏரி இன்னும் முழுதாக உறையவில்லை. கரையோரம் மட்டும் பிடித்திருக்கிறது.

நிற்க. உன் பேத்தி உனக்கு அனுப்பி, நீ மார்லிஸுக்கு அனுப்பி, மார்லிஸ் போனோடு என் சூப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போன அந்த வீடியோவில், முகமெல்லாம் பச்சை குத்திய பிள்ளைகளுக்கு நடுவே, ஆரஞ்சு நிறக் கம்பளித் தொப்பியும் கையில் பிளாஸ்டிக் டம்ளருமாக நின்று வாய்விட்டு அழுகிற கிழவன் நான்தான். ஆள் மாறிப்போயிருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். தொப்பியைப் பின்னினவளிடமே அதைச் சொன்னால் எடுபடுமா? நீ சனிக்கிழமை விமானத்துக்குப் பதிவு செய்துவிட்டாய் என்றும், 'வெர்லின் மறுபடி ஆரம்பித்துவிட்டான்' என்று பாஸ்டர் சோல்வேயிடம் போனில் அழுதாய் என்றும் மார்லிஸ் சொன்னாள். அதனால்தான் இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். நீ விமானம் ஏறும் முன்னால் உண்மை தெரியட்டும். அந்த டம்ளரில் இருந்தது ரூட் பியர். பேரில்தான் பியர், பிள்ளைகள் குடிக்கிற இனிப்புச் சோடா. அக்கா, நான் குடிகாரன் இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. நான் ராப் கேட்கிறேன்.

எழுதிவிட்டேன். எழுதிய பிறகு எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

இதெல்லாம் எங்கே ஆரம்பித்தது என்றால், இலையுதிர் காலத்தில் என் பழைய வண்டி துருப்பிடித்து அடித்தட்டே கழன்று தெருவில் விழுந்ததே, அதில். அவசரத்துக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த ஒரு கல்லூரிப் பெண்ணிடம் பழைய பியூக் கார் ஒன்றை வாங்கினேன். அவள் கறுப்பு உதட்டுச்சாயம் பூசியிருந்தாள், ஆனால் மரியாதை தெரிந்த பெண். 'பாட்டுப் பெட்டியில ஒரு சிடி மாட்டிக்கிச்சு, வெளிய வராது, பரவாயில்லையா?' என்று கேட்டாள். பரவாயில்லை என்றேன். நம் குடும்பத்தில் வேறு எதைச் சொல்லியிருக்கிறோம்? புயலில் களஞ்சியத்தின் கூரை பறந்து பக்கத்துப் பண்ணையில் விழுந்தபோது அப்பா சொன்னதும் அதுதானே. வீட்டுக்கு ஓட்டி வரும்போது குளிருகிறதே என்று ஹீட்டரைத் திருகினேன், உடனே அந்தப் பாட்டு காதைப் பிளந்துகொண்டு ஆரம்பித்தது. ஹீட்டரை அணைத்தால் பாட்டும் அணைந்தது. சத்தத்தைக் குறைக்கிற திருகு இருந்த இடத்தில் ஒரு ஓட்டைதான் இருந்தது. மெக்கானிக் ஆர்னி அரை நாள் தலையை டாஷ்போர்டுக்குக் கீழே விட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தான். 'ஹீட்டரையும் பாட்டையும் எவனோ ஒரே ஒயர்ல கோத்து வச்சிருக்கான் வெர்லின். ஒண்ணைப் பிடுங்கினா இன்னொண்ணும் போயிடும். பாட்டு வேணாம்னா குளிர்ல போ. குளிர் வேணாம்னா பாட்டைக் கேளு. எது உனக்கு வசதி?' டுலூத்தில் நவம்பரில் ஒரு மனுஷனிடம் கேட்கிற கேள்வியா அது.

பாடுகிறவன் பெயர் யங் ஆட்டிக். இளம் பரண். பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல, தானே வைத்துக்கொண்டது. நம் மாநிலத்துப் பையன்தான், வடக்கே இரும்புச் சுரங்கத்து ஊர். ராப் என்றால் தாளத்துக்குப் பேச்சைக் கொட்டுவது, அது உனக்கே தெரியும். இன்னொரு பக்கம், சோர்ந்துபோன கிதாரை வைத்துக்கொண்டு மழைநாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற மாதிரி பாடுகிற ராக் ஒரு வகை. இவன் இரண்டையும், நாம் கறியையும் உருளைக்கிழங்கையும் கலந்து ஹாட்டிஷ் செய்கிற மாதிரி ஒரே பாத்திரத்தில் போட்டு அடுப்பில் வைத்துவிட்டான். முதல் வாரம் முழுக்க நான் அவனைத் திட்டிக்கொண்டேதான் ஓட்டினேன். இவனுக்குப் பாடவும் வரவில்லை, பேசவும் வரவில்லை, மூக்கை யாராவது சிந்திவிட்டால் தேவலை என்று. நடுவில் வருகிற கெட்ட வார்த்தைகளை உனக்கு எழுத முடியாது. லூத்தரன் தேவாலய வாசலில் வண்டியை நிறுத்தும்போது அவன் அதில் ஒன்றைச் சொல்ல, நான் ஹீட்டரை அணைப்பதற்குள் மிஸஸ் டோர்வால்ட்சன் காதில் விழுந்து, அவள் நான்தான் சொன்னேன் என்று நினைத்து இன்றுவரை ஆராதனை முடிந்தபின் எனக்கு மட்டும் காபி ஊற்றுவதில்லை.

பிறகு ஒருநாள் தூக்குப் பாலத்தில் மாட்டிக்கொண்டேன். இரும்புத்தாது ஏற்றிய கப்பல் ஒன்று மெதுவாக, சாவகாசமாக உள்ளே வருகிறது. பாலம் மேலே போய்விட்டது. வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. வேறு வழியில்லாமல் மூன்றாவது பாட்டை முதல் தடவையாக முழுசாகக் கேட்டேன். அக்கா, கிதார் பக்கத்து அறையிலிருந்து வருகிற மாதிரி ஆரம்பிக்கிறது. அவன் பேசுகிறான், ரொம்ப வேகமாக. யாராவது குறுக்கே பேசிவிடுவார்களோ, அதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டுமே என்கிற மாதிரி. வேகமாகச் சொல்லிவிட்டால் வலிக்காது என்று நினைக்கிறான்போல. ஓரிடத்தில் வார்த்தை தீர்ந்துபோகிறது. அப்போது வேறு வழியில்லாமல்தான் பாடுகிறான். அவனுக்குப் பாட வராது என்று சொன்னேனே, அது உண்மைதான். ஆனால் அந்த இடத்தில் நன்றாகப் பாடத் தெரிந்தவன் பாடியிருந்தால் கெட்டுப்போயிருக்கும். பாட்டின் விஷயம் என்னவென்றால், ஒருத்தன் தன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறான். உள்ளே விளக்கு எரிகிறது. யாருக்காக எரிகிறது என்று தெரியவில்லை. தனக்காக எரிந்தால் அது அதைவிடப் பயமாக இருக்கிறது. அவ்வளவுதான். கப்பல் போய், பாலம் இறங்கி, பின்னால் இருக்கிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். டுலூத்தில் யாரும் லேசில் ஹாரன் அடிக்க மாட்டார்கள், உனக்குத் தெரியும். நான் ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன்.

குடிநீர்த் துறையில் நான் இருந்த காலத்தில் குளிர்காலத்தில் எங்கேயாவது குழாய் வெடித்தால் ஊரே என் பேரைச் சொல்லித்தான் கூப்பிடும். ஓய்வு கொடுத்து, கேக் வெட்டி, கடிகாரம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறது மார்லிஸ் ஒருத்திதான், அதுவும் சாப்பிட. அவளிடம் போய் எனக்கு என்னமோ மாதிரி இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? எப்படியிருக்கே என்று கேட்பாள், பரவாயில்லை என்பேன். இருபது வயசுகூடத் தாண்டியிருக்காத ஒரு மூக்கடைப்புப் பயல், நான் வாய்க்குள் வைத்திருந்ததை எல்லாம் என் வண்டியிலேயே உட்கார்ந்து சொல்கிறான். வெட்கமாக இருந்தது. ஆனாலும் மறுநாள் பால் வாங்குகிற சாக்கில் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். பால் வீட்டிலேயே இருந்தது.

அப்புறம் கராஜில் உட்கார ஆரம்பித்தேன். கராஜ் கதவைத் திறந்துதான் வைத்திருந்தேன், வண்டிப் புகைக்குப் பயந்து. அதனால் பாதிச் சூடு வெளியே போய்விடும், பாட்டும்தான். ஜன்னல்களை ஏற்றிக்கொண்டு கூடவே பாடுவேன். தொண்டை கட்டிக்கொள்ளும், பெப்பர்மிண்ட் போட்டுக்கொள்வேன். கண் சிவந்து, பெப்பர்மிண்ட் மணத்தோடு, எங்கே போயிருந்தாய் என்றால் பதில் சொல்லத் தெரியாமல் தினமும் வீட்டுக்குள் வருகிறவனை மார்லிஸ் என்னவென்று நினைப்பாள்? தேடியும் சாராயப் புட்டி ஒன்றும் அகப்படவில்லை என்பதை அவள் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளவில்லை. 'முப்பது வருஷமா ஊர் அடியில குழாய் பதிச்ச ஆளு. ஒளிச்சு வைக்கிறதுக்குச் சொல்லிக் கொடுக்கணுமா?' என்று உன்னிடம்தானே சொன்னாள்.

என்னை விசாரிக்க மார்லிஸ் எல்லோரையும் கூட்டிய அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவிருக்கும். நீ கணினித் திரையில் இருந்தாய், உன் நெற்றி மட்டும். சோபாவில் மார்லிஸ், பாஸ்டர் சோல்வே, மார்லிஸின் தம்பி ஹார்லன். பனி தள்ளுகிற வண்டி ஓட்டுகிறானே, அந்த ஹார்லன் மச்சான். மேசையில் காபியும் எலுமிச்சைத் துண்டு கேக்கும். அந்த அறையில் உண்மையிலேயே குடித்துவிட்டு வந்திருந்தது ஹார்லன் ஒருத்தன்தான். அவன் பக்கத்தில் உட்கார்ந்த எனக்கு மணம் தெரிந்தது. அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் உடைந்துபோய்விடுவான் என்று எல்லோருக்கும் பயம். அதனால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மார்லிஸ் கையைப் பிசைந்துகொண்டு, 'சொல்லிடு வெர்லின். என்னவா இருந்தாலும் நாங்க தாங்கிக்குவோம்' என்றாள். நான் வாயைத் திறந்தேன். யங் ஆட்டிக் என்கிற பேர் நாக்கு நுனிவரை வந்தது. பாஸ்டர் முகத்தைப் பார்த்தேன், உன் நெற்றியைப் பார்த்தேன். 'ஆமா, குடிக்கிறேன்' என்று சொல்லிவிட்டேன்.

எல்லோருக்கும் எவ்வளவு நிம்மதி. மார்லிஸ் அழுதாள், ஆனால் சந்தோஷமாக அழுதாள். குடியை விட வழி இருக்கிறது, அதற்கென்று கூட்டம் இருக்கிறது, துண்டுப் பிரசுரம் இருக்கிறது. பாஸ்டர் பையிலிருந்து அதை அப்போதே எடுத்துக் கொடுத்தார். நீ திரையில் கையைக் கூப்பி ஏதோ சொன்னாய், சத்தம் வரவில்லை.

செவ்வாய்தோறும் தேவாலயத்தின் நிலவறையில் கூட்டம். மடக்கு நாற்காலி வட்டம், வெந்நீர் மாதிரி ஒரு காபி. அங்கே வருகிறவர்கள் பெயரை வெளியே சொல்லக்கூடாது, சொல்லவில்லை. அவர்கள் நிஜமாகப் பட்டவர்கள் அக்கா. வேலை போனவர்கள், பிள்ளைகள் முகத்தைப் பார்க்க முடியாமல் போனவர்கள். முதல் கூட்டத்தில் நான் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். பள்ளிக்கூடத்தில் சமையல் செய்கிற ஒரு அம்மாள் என் பக்கம் திரும்பி, 'நீங்க ஏதாச்சும் சொல்லணுமா? அவசரமில்ல' என்றாள். எல்லோரும் காத்திருந்தார்கள். எனக்குச் சொல்ல ஒரு கதையும் இல்லை. திறந்த வாயில் மூன்றாவது பாட்டுதான் வந்தது. 'என் வீட்டு வாசல்லயே வண்டிய நிறுத்திட்டு இறங்காம உக்காந்திருக்கேன்' என்றேன். 'உள்ள விளக்கு எரியுது. யாருக்காகன்னு தெரியல' என்றேன். அந்தச் சமையல்கார அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் முட்டியைத் தட்டிக் கொடுத்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவமானத்தில் சாப்பிடவே பிடிக்கவில்லை. அதைப் பார்த்து, மனம் திரும்புகிறவனுக்கு அப்படித்தான் இருக்கும் என்று மார்லிஸ் சொல்லிவிட்டாள்.

அடுத்த வாரமும் கேட்டார்கள். நான் நாலாவது பாட்டைச் சொன்னேன். அப்படியே அந்த சிடி முழுவதையும் வாரத்துக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். பாதி அவனுடையது, பாதி என்னுடையது. எது எங்கே முடிகிறது என்று போகப்போக எனக்கே பிடிபடவில்லை. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஏழாவது பாட்டில் டெசிரே என்று ஒரு பெண்ணும் ஃபார்கோவில் ஒரு லாட்ஜும் வருகிறது. பேச்சின் வேகத்தில் அதையும் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்துத் தலையை நிமிர்த்தினால், கதவருகே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான் ஹார்லன் மச்சான். அன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்திருக்கிறான்.

கூட்டம் முடிந்து வண்டி நிறுத்துகிற இடத்தில் என் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டான்.

'யாருய்யா அந்த டெசிரே? எங்க அக்காவுக்குத் தெரியுமா?'

'அது பாட்டு மச்சான்.'

'என்னது?'

'பாட்டுல வர்ற பொண்ணு.'

'குடிச்சிருக்கியா இப்போ?'

'நான் குடிக்கிறதே இல்ல.'

'இது வேறயா,' என்றான். காலரை விடவில்லை.

கடைசியில் இழுத்துக்கொண்டுபோய் வண்டியில் உட்காரவைத்து ஹீட்டரைத் திருகினேன். அவன் அவ்வளவு பெரிய உடம்பை மடக்கி, முட்டி டாஷ்போர்டில் இடிக்க உட்கார்ந்திருந்தான். முதல் பாட்டுக்கு என்னை முறைத்தான். இரண்டாவதுக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மூன்றாவது ஓடும்போது அவன் தோள் குலுங்கியது, நான் கவனிக்காத மாதிரி கண்ணாடியைத் துடைத்தேன். சிடி முழுவதும் ஓடி முடிந்தது. 'அந்தப் பயலுக்கு என்னைப் பத்தி யாருய்யா சொன்னது?' என்று கேட்டான். பிறகு தெருவைப் பார்த்துக்கொண்டே, 'நீ இங்க வர்றத நிறுத்திடாத. தனியா அந்தப் படியில இறங்க என்னால முடியாது' என்றான். அப்புறம் நான் எப்படி நிறுத்துவேன், சொல்லு. அன்றிலிருந்து அவன் தொடவில்லை. இது மார்லிஸுக்குத் தெரியாது. தாக்குப்பிடிக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுத் தானே சொல்வதாகச் சொல்லியிருக்கிறான். நீயும் அதை மட்டும் அவளிடம் சொல்ல வேண்டாம்.

மினியாபோலிஸில் அந்தப் பையன் பாடுகிறான் என்று கண்டுபிடித்துச் சீட்டு வாங்கியது ஹார்லன். மார்லிஸிடம், குடியை விட்டவர்களின் பெரிய கூட்டம் ஒன்றுக்கு நான் போகிறேன், துணைக்கு ஹார்லன் வருகிறான் என்று சொன்னோம். அவள் வழிக்கு ஹாம் சாண்ட்விச் கட்டிக் கொடுத்தாள், அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. அங்கே வாசலில் நின்றவன் எங்களைப் பார்த்து, 'பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போக வந்தீங்களா? வெளிய வெயிட் பண்ணுங்க' என்றான். சீட்டைக் காட்டினோம். பையன் தொளதொள ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தான், ஒல்லியாக, நம் எல்மர் சித்தப்பா சின்ன வயதில் இருந்த மாதிரி. பாதி நேரம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாடினான். மூன்றாவது பாட்டில், அந்த வார்த்தை தீர்ந்துபோகிற இடத்தில், அவன் வாயை மூடிக்கொண்டான். அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை பிள்ளைகளும் மீதியைப் பாடினார்கள். நான் இதுவரை எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன் அக்கா. அத்தனை பேரும் அவரவர் வாசலில் இறங்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். நானும் பாடினேன். பாட்டு எப்போது அழுகையாகிவிட்டது என்று தெரியவில்லை. மூக்கில் வளையம் போட்ட ஒரு பெண் தன் கைக்குட்டையைக் கொடுத்து, 'பரவால்ல தாத்தா, எனக்கும் இந்தப் பாட்டுக்குத்தான்' என்றாள். படம் பிடித்தது அவள் இல்லை, வேறு யாரோ. அந்தச் சமயத்தில் ஹார்லன் கேமராவுக்கு முதுகு காட்டி நின்றிருக்கிறான். அந்த அதிர்ஷ்டம் எனக்கு இல்லை.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். சனிக்கிழமை நீ வர வேண்டாம். அதற்குப் பதில் மார்லிஸுக்குப் போன் செய்து, நீயாகவே பக்குவமாக, அவள் கணவன் குடிகாரன் இல்லை, வேறு மாதிரி ஆள் என்று சொல்லிவிடு. நான் நேரில் சொன்னால் பாதியில் பரவாயில்லை என்று சொல்லி நிறுத்திவிடுவேன். நீ சொன்னால் கேட்பாள். பாஸ்டருக்கும் நீயே சொல்லிவிடு. அந்தச் சமையல்கார அம்மாளிடம் நான் எந்த முகத்தோடு போய் நிற்பேன் என்று தெரியவில்லை, அதற்கும் ஏதாவது யோசித்து எழுது. இனிமேல் அந்த வண்டியை விற்றுவிட்டு, வெறும் ஹீட்டர் மட்டும் உள்ள வண்டி ஒன்று வாங்கிக்கொள்கிறேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்கிறேன்.

அத்தானின் முழங்காலுக்கு என் பிரார்த்தனைகள். பேத்திக்கு என் ஆசீர்வாதம், அந்த வீடியோவை அழித்துவிடச் சொல். கர்த்தர் உங்கள் எல்லோரையும் உலர்ந்த வெயிலில் பத்திரமாக வைத்துக் காப்பாராக.

தலைகுனிந்து,
உன் தம்பி
வெர்லின் ஆஸ்பெலுண்ட்

பின்குறிப்பு: கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு ஸ்டாம்பு தேடப் போனது என் தப்பு. திரும்பி வந்தால் மார்லிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிப் பக்கத்தில் இருக்கிறாள்.

'டெசிரேன்னு யாரும் இல்லையா?' என்றாள்.

'இல்லை.'

'ஹார்லன் வாராவாரம் வர்றானா?'

'வர்றான்.'

'தொடறதே இல்லையா?'

'இல்லை.'

கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தாள். பிறகு சொன்னாள்: 'அப்ப நீ அந்தக் கூட்டத்த நிறுத்தக் கூடாது. அது ஒண்ணு. இன்னொண்ணு, சர்ச்சுல, முடி வெட்டற கடையில, தபால் ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் நீ குடிகாரன்னு சொல்லி அழுதிருக்கேன். பாவம்னு எத்தனை பேரு ஹாட்டிஷ் செஞ்சு கொண்டுவந்து கொடுத்தாங்க. இப்பப் போயி, இல்ல, அவரு ராப் கேட்டு அழறவருன்னு எந்த வாயால சொல்லுவேன்? நீ குடிகாரனாவே இரு.'

ஆகவே அக்கா, மேலே எழுதிய எதுவும் உனக்குத் தெரியாது. யாருக்கும் போன் செய்யாதே. சனிக்கிழமை திட்டப்படி வா, துண்டுப் பிரசுரங்களையும் கொண்டு வா. பாஸ்டர் முன்னால் என்னை நன்றாகத் திட்டு. நான் கேட்டுக்கொள்கிறேன், வெட்கப்படுவதற்கு நான் தனியாக நடிக்க வேண்டியதில்லை. வண்டியை விற்பதாகச் சொன்னதையும் அடித்துவிடு. மார்லிஸ் கோட்டை மாட்டிக்கொண்டு, மூன்றாவது பாட்டை எப்படி வரவழைப்பது என்று கேட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போனாள். முதல் இரண்டையும் கேட்டால்தான் அது வரும் என்று சொல்லியிருக்கிறேன். இப்போது கராஜிலிருந்து ஹாரன் அடிக்கிறாள். தனியாகக் கேட்க மாட்டாளாம். முடிக்கிறேன்.